ரத்தத்துக்கு எவ்வளவு, காற்றுக்கு எவ்வளவு

மனிதர்களில் பங்கு பிரிப்பவர் என்று ஒரு வகை உண்டு. சொத்தைப் பிரிப்பவர்களைச் சொல்லவில்லை. அவர்களாவது பிரித்து முடித்ததும் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டு போய்விடுவார்கள். நான் சொல்லும் ஆசாமி காரணத்தைப் பிரிப்பவர். உலகத்தில் எது நடந்தாலும், யாருக்கு எந்த வியாதி வந்தாலும், எந்த வீட்டுப் பையன் பரீட்சையில் கோட்டை விட்டாலும், உடனே மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, இதில் ரத்தத்தின் பங்கு இவ்வளவு, சுற்றுப்புறத்தின் பங்கு இவ்வளவு என்று கறிக்கடைக்காரர் எலும்பையும் சதையையும் பிரிப்பதுபோல் பிரித்துக் கையில் கொடுத்துவிடுவார். நீங்கள் கேட்க வேண்டியதில்லை. வேண்டாம் என்றாலும் கொடுப்பார்.

பிரிப்பதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார். தனக்கு நல்லது நடந்தால் அது ரத்தம். தனக்குக் கெட்டது நடந்தால் அது சுற்றுப்புறம். அடுத்தவருக்கு என்றால் இதை அப்படியே கவிழ்த்துக்கொள்ள வேண்டும். அவருக்கு வேலை உயர்ந்தால் நல்ல நேரம், நல்ல சிநேகிதர்கள். அவருக்கு வயிறு வலித்தால் பரம்பரை. இதைச் செய்யப் படிப்பு எதுவும் தேவையில்லை. பெரும்பாலோர் படிக்காமலேயே செய்கிறார்கள். ஆனால் பெரிய படிப்பும், இரண்டு அலமாரி நிறையச் சுண்டெலிகளும் வைத்துக்கொண்டு இதைச் செய்கிற ஒருவரை எனக்கு நெருக்கமாகத் தெரியும். அவர் என் அக்காவின் கணவர்.

அத்தான் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் சர்க்கரை நோய் எதனால் வருகிறது என்று எலிகளை வைத்துக் கண்டுபிடிக்கிறார். அதே கட்டடத்தில் நான் பராமரிப்பு மெக்கானிக். குழாய், பம்பு, குளிர்சாதனம், கதவுக் கீல் எல்லாம் என் பொறுப்பு. அவர் அங்கே வந்து சேர்வதற்கு இரண்டு வருஷம் முன்பிருந்தே நான் அங்கே ஸ்பானர் பிடித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் வீட்டுக்கு வருகிறவர்களிடம், "மாப்ளைய அங்க சேர்த்துவிட்டதே நான்தான்" என்பார். நான் மறுத்ததில்லை. அக்கா முகத்துக்காகப் பேசாமல் இருந்துவிடுவேன்.

முதலில் வீட்டைப் பார்த்துவிடுவோம். ஆராய்ச்சிக்கூடத்தில் அவர் செய்வது எல்லாம் வீட்டில் ஒத்திகை பார்த்ததுதான்.

எங்கள் இருவருக்கும் வழுக்கை. என் தலையைப் பார்க்கும்போதெல்லாம் அவருக்கு ஒரு சந்தோஷம். "உங்க தாத்தா, உங்க அப்பா, இப்ப நீ. மூணு தலைமுறை, ஒண்ணுகூடத் தப்பல. பாடப் புத்தகத்துல படமாப் போடலாம் மாப்ளே" என்பார். அவர் தலையில் முடி போனதற்கு என்ன காரணம்? குடியிருப்பின் மேல்தொட்டித் தண்ணீர். அதில் உப்பு ஜாஸ்தி. அதே தண்ணீரில் பதினாறு வருஷமாகக் குளிக்கும் அக்காவுக்கு முடி இடுப்பைத் தொடுகிறதே என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். "அவ கதை வேற" என்றார். எப்படி வேறு என்று இன்றுவரை விளக்கவில்லை.

என் அப்பாவுக்குச் சர்க்கரை நோய் இருந்தது. அது ரத்தம். போன வருஷம் அத்தானுக்கும் வந்துவிட்டது. அது வேலைப் பளு. அவருடைய மேஜையின் கீழ் இழுப்பறைப் பூட்டு இறுகிப்போய் அதைத் திறக்க என்னைக் கூப்பிட்டார்கள், திறந்தேன், உள்ளே க்ரீம் பிஸ்கட் பாக்கெட்டுகள் அடுக்கி வைக்கப்பட்டிருந்தன, நூலகத்தில் புத்தகம் அடுக்கியதுபோல, நிறவாரியாக. அவரைப் பார்த்தேன். "விருந்தாளிங்களுக்கு" என்றார். அந்த அறைக்கு விருந்தாளி வந்து நான் பார்த்ததில்லை.

பையன் விஷயத்துக்கு வாருங்கள். அக்கா மகனுக்குப் பதினொரு வயது. கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கி வந்தான். "கணக்கு எங்க வம்சத்துல தானா வரும், சொல்லிக் குடுக்க வேண்டியதே இல்ல" என்று அன்று மாலை முழுவதும் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். அதே வாரம் எதிர் வீட்டு ஜன்னல் கண்ணாடி உடைந்தது. பந்து எங்கள் பக்கத்திலிருந்து போயிருந்தது. அத்தான் அக்காவின் பக்கம் திரும்பி, மிகவும் அமைதியாக, "உன் தம்பி சின்ன வயசுல எப்படி?" என்றார். நான் அங்கேதான், அதே சோபாவில், கையில் டீயோடு உட்கார்ந்திருந்தேன்.

"உங்ககூடத்தான விளையாடினான்? பந்தை நீங்கதான போட்டீங்க?" என்றாள் அக்கா.

"போட்டது நான். அடிச்சது யாரு?"

இப்படிப்பட்டவரோடு எப்படி வாதாடுவது? அக்கா எழுந்து சமையலறைக்குப் போனாள். பையன் என்னைப் பார்த்தான். நான் டீயைப் பார்த்தேன்.

வியாதிக்காரர்களைப் பார்க்கப் போவது அத்தானுக்கு மிகவும் பிடித்த காரியம். ஆறுதல் சொல்லப் போகிறார் என்று நினைக்காதீர்கள். பிரிக்கப் போகிறார். கீழ்த்தளத்தில் ஓய்வு பெற்ற தபால்காரர் ஒருவர் இருக்கிறார். மாடிப்படியில் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டார். நாங்கள் இருவரும் பார்க்கப் போனோம். அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "உங்க குடும்பத்துல இதுக்கு முன்னாடி யாராச்சும் விழுந்திருக்காங்களா?" என்று ஆரம்பித்தார்.

தபால்காரர் யோசித்தார். "எங்க அம்மா ஒரு தடவை குளியலறைல வழுக்கி விழுந்தாங்க."

"பாத்தீங்களா!" அத்தான் மாவுக்கட்டைத் தட்டினார். தபால்காரர் பல்லைக் கடித்துக்கொண்டார்.

அவர் மனைவி, "படில தண்ணி கொட்டிக் கிடந்துச்சுங்க. மேல் மாடிலேர்ந்து யாரோ வாளியக் கவுத்துட்டாங்க" என்றார்.

மேல் மாடியில் இருப்பது அத்தான் வீடு. பேச்சு உடனே எலும்பில் சேர வேண்டிய சுண்ணாம்புச் சத்துக்குத் தாவியது. திரும்பி வரும்போது படியில், "கட்டடம் சரியில்ல மாப்ளே, ஒரு வாளிய நிம்மதியா வைக்க இடம் இல்ல" என்றார். ஆக, விழுந்தது அவர்கள் ரத்தத்தின் குற்றம்; தண்ணீர் கொட்டியது கட்டடத்தின் குற்றம். அத்தானுக்கு இதில் எந்தப் பங்கும் மிஞ்சவில்லை.

இனி எலிகளுக்கு வருவோம். எலி என்றதும் உங்கள் வீட்டு அரிசி டப்பாவைச் சுற்றும் திருடனை நினைக்காதீர்கள். இவை வேறு ஜாதி. உள்ளங்கையில் அடங்கும் கறுப்புச் சுண்டெலிகள். சொந்தத்துக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துச் சேர்த்து, ஒன்றுக்கும் மற்றதற்கும் உடம்பின் உள்ளே எந்த வித்தியாசமும் இல்லாதபடி ஆக்கியவை. அவற்றில் ஒரு கூட்டத்துக்கு மட்டும் ஒரே ஒரு மரபணுவை எடுத்துவிடுவார்கள். மற்றபடி இரண்டு கூட்டத்துக்கும் அதே தீவனம், அதே தண்ணீர், அதே பன்னிரண்டு மணி நேர வெளிச்சம். இப்போது ஒரு கூட்டத்துக்கு மட்டும் நோய் வந்தால்? அந்த மரபணுதான். இனி மரபணுவைத் தொடாமல், தீவனத்தில் மட்டும் கொழுப்பைக் கூட்டுகிறார்கள். நோய் வந்தால்? தீவனம்தான். மனிதர்களிடம் இதைச் செய்ய முடியாது. ஒரே வயிற்றில் பிறந்த இரண்டு பேரைக்கூட ஒரே சாப்பாட்டை ஒரே நேரத்தில் சாப்பிட வைக்க முடியாது. என் வீட்டிலேயே பார்த்திருக்கிறேன்.

இந்த யோசனையை நான் கேலி செய்யவில்லை. வியாதியின் வேரைத் தேட மனிதன் கண்டுபிடித்த மிக நேர்மையான வழிகளில் இதுவும் ஒன்று என்றுதான் நினைக்கிறேன். ஒரே ஒரு நிபந்தனை. மற்றதெல்லாம் ஒன்றுபோல இருக்கிறது என்று சொன்னால், நிஜமாகவே ஒன்றுபோல இருக்க வேண்டும். அதற்காகத்தான் உஷாரான ஆராய்ச்சியாளர்கள் கூண்டுகளைச் சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கலந்து வைப்பார்கள். வாரத்துக்கு ஒருமுறை இடம் மாற்றுவார்கள். ஜன்னலோரம், கதவோரம், விளக்கடி என்று ஒரு கூட்டத்துக்கு மட்டும் நல்லதோ கெட்டதோ சேர்ந்துவிடக் கூடாது என்பதற்காக.

அத்தானுக்குக் கலப்பு பிடிக்காது. க்ரீம் பிஸ்கட்டையே நிறவாரியாக அடுக்குகிறவர் எலியை விடுவாரா? மரபணு எடுத்த எலிகளுக்குச் சிவப்பு அட்டை; எல்லாம் இடப்பக்க அலமாரியில். சாதாரண எலிகளுக்குப் பச்சை அட்டை. எல்லாம் வலப்பக்க அலமாரியில். பார்க்க அவ்வளவு லட்சணமாக இருக்கும். ஒரு நாள் கூண்டு கழுவும்போது சிவப்பு ஒன்று பச்சைக்கு நடுவில் போய்விட்டது என்று அறைக்கு வெளியே கேட்கும்படி கத்தினார்.

அவர் கத்தியது கூண்டக்காவிடம். கூண்டக்கா என்பது நாங்கள் எல்லோரும் வைத்த பெயர். பதினான்கு வருஷமாக அங்கே எலிகளைப் பார்த்துக்கொண்டவர் அவர்தான். நீலக் கோட்டு, தொப்பி, முகக்கவசம். வெளியே தெரிவது இரண்டு கண் மட்டும். கூண்டு கழுவுவது, மரத்தூள் மாற்றுவது, தண்ணீர்ப் புட்டி நிரப்புவது, கூடு கட்டிக்கொள்ள மெல்லிய காகிதம் கிழித்துப் போடுவது, எந்தத் தாய் எந்தக் கிழமை குட்டி போடும் என்று முன்கூட்டியே சொல்வது எல்லாம் அவர். வேலை செய்யும்போது வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். பாட்டு என்று சொல்ல முடியாது, வார்த்தையே கிடையாது. வீட்டில் கணவர் இடுப்பு விழுந்து படுத்த படுக்கை. வேலைக்குப் போகிறவர் இவர் ஒருவர்தான். இதையும் நாங்கள் கேட்டுத் தெரிந்துகொண்டோமே தவிர, அவராகச் சொன்னதில்லை.

ஒரு நாள் அவர் அத்தானிடம், "ஐயா, இடப்பக்கத்து எலிங்க எல்லாம் சுவத்த விட்டுத் தள்ளி, முன்பக்க மூலைலயேதான் கூடு கட்டுதுங்க. வலப்பக்கத்துல அப்படி இல்ல. அதது இஷ்டத்துக்குக் கட்டுது" என்றார்.

அத்தான் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "அப்படியா? மூலை பாத்துக் கூடு கட்டுறதும் இந்த மரபணு பண்ற வேலைதான்மா. அதான் சிவப்பு அட்டைல மட்டும் தெரியுது."

"இடப்பக்கத்துல தாய்ங்க ரெண்டு மூணு குட்டியக் கடிச்சுத் தின்னுருச்சுங்க ஐயா. பயந்தாத்தான் அப்படிப் பண்ணும்."

"அதுவும் மரபணுதான்."

கூண்டக்கா நகர்ந்துவிட்டார். அத்தான் நகரவில்லை. இரண்டு விஷயத்தையும் கட்டுரையில் சேர்த்துக்கொண்டார். மூலை தேர்ந்தெடுக்கும் குணம் ஒன்று, தாய்மைக் குறைபாடு ஒன்று. சர்க்கரையோடு சேர்த்து ஒரே மரபணுவில் மூன்று கண்டுபிடிப்பு! சொன்னவர் பெயர் கட்டுரையில் எங்கேயும் கிடையாது.

அதற்குப் பிறகு கூண்டக்கா என்னிடம் வந்தார். "தம்பி, இடப்பக்க அலமாரிக்குப் பின்னாடி சுவத்துல கைய வெச்சுப் பாருங்க. விர்ருங்குது."

வைத்துப் பார்த்தேன். விர்ரென்றுதான் இருந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் பம்பு அறை. காற்று இழுக்கும் பெரிய பம்பு ஒன்று நான்கு ரப்பர்க் கட்டைமேல் உட்கார்ந்து நாள் முழுக்க ஓடும். அந்த நான்கில் இரண்டு மக்கிப்போய் வருஷம் ஒன்று ஆகியிருந்தது. மாற்ற வேண்டும் என்றால் படிவம் எழுதி மூன்று பேரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நான் ஒரு கோணிச் சாக்கை நாலாக மடித்து அடியில் செருகி வைத்திருந்தேன். தற்காலிகமாக. தற்காலிகம் என்பது எங்கள் துறையில் எவ்வளவு காலம் என்று உங்களுக்கே தெரியும்.

"பழைய கட்டடம்க்கா. அதோட பிறவிக்குணம் அப்படி" என்றேன் அவரிடம்.

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார். சரி தம்பி என்று சொல்லிவிட்டுப் போனார். எனக்கு அப்போது எதுவும் உறைக்கவில்லை என்று சொன்னால் அது பொய். உறைத்தது. வேலை நேரம் முடியப் போகிறது என்பதும் கூடவே உறைத்தது.

முடிவு வெளியானது. சிவப்பு அட்டை எலிகளுக்கு எந்தத் தீவனம் கொடுத்தாலும் சர்க்கரை ஏறுகிறது. பச்சை அட்டைக்கு ஏறவில்லை. தீவனம் காரணமில்லை, சுற்றுப்புறம் காரணமில்லை, முழுக்க முழுக்க மரபணு என்று அத்தான் அரங்கத்தில் பேசினார். கைத்தட்டல். பத்திரிகையில் படம். படத்தில் தொப்பி போட்டிருந்தார். வீட்டுக்கு வந்து, "இந்த ஆராய்ச்சிப் புத்தி எங்க தாத்தாகிட்டேர்ந்து வந்தது" என்றார். அவர் தாத்தா கைக்கடிகாரம் பழுது பார்த்தவர். பிறகு என் பக்கம் திரும்பி மிகுந்த பரிவோடு, "உங்க குடும்பத்துலயும் இந்த மரபணுதான் கெட்டிருக்கும் மாப்ளே. உன் மேல தப்பில்ல" என்றார். நான் நன்றி சொன்னேன்.

எட்டு மாதம் எல்லாம் சுபமாகப் போயிற்று. பிறகு வேறொரு ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்களும் அதே மரபணுவை எடுத்த அதே எலிகளை வைத்துச் சோதனையை ஒரு முறைக்கு இரண்டு முறை செய்து பார்த்திருக்கிறார்கள். எலிகள் கொழுகொழுவென்று இருக்கின்றன. சர்க்கரை சரியாக இருக்கிறது. குட்டிகளைத் தாய்மார் நன்றாக வளர்க்கிறார்கள். கூட்டையும் கண்ட மூலையில் கட்டுகிறார்கள். உங்கள் இடத்தில் மட்டும் ஏன் இப்படி என்று மிக மரியாதையாகக் கேட்டிருந்தார்கள்.

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் என்ன செய்வான்? ஐயோ, எங்கே தப்பு செய்தோம் என்று தேடுவான். பங்கு பிரிப்பவர் அப்படித் தேட மாட்டார். தராசை எடுத்து மறுபக்கம் திருப்பி வைப்பார். ஒரே ராத்திரியில் அத்தானுக்குச் சுற்றுப்புறத்தின்மேல் அபாரமான மரியாதை வந்துவிட்டது. "சுற்றுப்புறத்த நாம யாருமே சரியா மதிக்கிறதில்ல மாப்ளே" என்று காலையில் என்னிடம் சொன்னார், நான் ஏதோ மதிக்காமல் இருந்ததுபோல.

சரி, சுற்றுப்புறம் என்றால் எது? அலமாரியா? அடுக்கியது அவர். தீவனமா? தேர்ந்தெடுத்தது அவர். வெளிச்ச நேரமா? குறித்தது அவர். இப்படி ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே போனால் கடைசியில் என்ன மிஞ்சும்? நீலக் கோட்டு போட்டு, வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டு நிற்கிற ஒரு சுற்றுப்புறம் மிஞ்சும்.

விசாரணை இயக்குநரின் அறையில் நடந்தது. அன்றைக்குப் பார்த்து அங்கே குளிர்சாதனத்தில் தண்ணீர் ஒழுகியது. நான் ஏணிமேல் நின்று அதைக் கழற்றிக்கொண்டிருந்தேன். இறங்கி வெளியே போகட்டுமா என்று கேட்டதற்கு இயக்குநர், "நீங்க பாட்டுக்குப் பாருங்க" என்று கையை ஆட்டிவிட்டார். அத்தான் கோப்போடு உட்கார்ந்திருந்தார். கூண்டக்கா நின்றார். முகக்கவசம் இல்லாமல் அவர் முகத்தை நான் முழுசாகப் பார்த்தது அன்றுதான் என்று நினைக்கிறேன்.

"நீங்க எலி அறைல பாடுவீங்களாமே?" என்றார் இயக்குநர்.

"பாட்டெல்லாம் இல்லிங்க. முணுமுணுப்பேன்."

"எந்தப் பக்கத்துல?"

"ரெண்டு பக்கமும்தாங்க. வேலை பாக்குற பக்கம்."

அத்தான் குறுக்கிட்டார். "சார், அவங்க காலைல இடப்பக்கம்தான் ஆரம்பிப்பாங்க. அப்பக் குரல் தெம்பா இருக்கும். வலப்பக்கம் வர்றதுக்குள்ள களைச்சிருவாங்க. குரல் இறங்கிடும். எலிக்குக் காது ரொம்ப நுட்பம். தினம் தினம் அந்தச் சத்தத்துல மிரண்டு, மிரட்சில சர்க்கரை ஏறியிருக்கு."

இயக்குநர் தலையை ஆட்டினார். இயக்குநர்களுக்குப் புரியாத விஷயத்துக்குத் தலை இன்னும் வேகமாக ஆடும்.

"பதினாலு வருஷமா முணுமுணுக்கிறேனுங்க. இதுக்கு முன்னாடி இருந்த எலிக்கெல்லாம் ஒண்ணும் ஆகலையே" என்றார் கூண்டக்கா.

"அப்ப யாரும் அளந்து பாக்கல" என்றார் அத்தான்.

கூண்டக்கா ஓர் அடி முன்னால் வந்தார். பிறகு, "ஐயா, மிரண்டது நிசந்தான். ஆனா அந்தச் சுவரு நடுங்குதுங்க. அலமாரியே அதிருது. இந்தத் தம்பிகிட்டகூடச் சொன்னேன். அவரே கைய வெச்சுப் பாத்தாரு" என்று மேலே காட்டினார்.

மூன்று பேரும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். என் கையில் ஸ்க்ரூ டிரைவர். வாயில் இரண்டு திருகாணி. திருகாணியை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொள்ள நான் எடுத்துக்கொண்ட நேரம் இருக்கிறதே, அதற்குள் எத்தனை யோசித்தேன் என்று நினைக்கிறீர்கள்? ஆமாம் என்றால் பம்பு அறையைத் திறப்பார்கள். திறந்தால் சாக்கு. சாக்கை வைத்தது யார் என்று கேட்பார்கள். ஒரு வருஷமாக ஏன் எழுதித் தரவில்லை என்பார்கள். அத்தானின் மூன்று கண்டுபிடிப்பும் ஒரு கோணிச் சாக்கில் போய் முடியும். அக்கா வீட்டில் அதற்குப் பிறகு எனக்கு டீ கிடைக்குமா?

"கட்டடம் பழசு சார். லேசா அதிர்வு எல்லா அறைலயும் இருக்கும்" என்றேன்.

எவ்வளவு நல்ல வாக்கியம் பாருங்கள். ஒரு வார்த்தைகூடப் பொய் கிடையாது. கூண்டக்கா என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நான் மறுபடி திருகாணியை வாயில் வைத்துக்கொண்டேன்.

அத்தான் நாற்காலியில் சாய்ந்தார். என்னைக் குடும்பத்து மனிதனாக அவர் பார்த்தது இந்தப் பதினாறு வருஷத்தில் அதுதான் முதல் தடவை. "எங்க மாப்ளே பொய் சொல்ல மாட்டான் சார். நல்ல ரத்தம்" என்றார்.

அடுத்த வாரத்திலிருந்து வர வேண்டாம் என்று கூண்டக்காவிடம் சொல்லிவிட்டார்கள். அவர் சண்டை போடவில்லை. கடைசி நாளும் எல்லாக் கூண்டையும் கழுவி, காகிதம் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது. வெட்கப்பட்ட நேரம் போக மற்ற நேரத்தில் வழக்கம்போல் சாப்பிட்டேன், தூங்கினேன்.

அந்த வெட்கத்தில் ஒரு காரியம் செய்தேன். அதைச் செய்யாமலே இருந்திருக்கலாம். எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில் பம்பு அறைக்குப் போய், சாக்கை உருவிப் போட்டுவிட்டு, நான்கு ரப்பர்க் கட்டையையும் புதிதாக மாற்றினேன். அரை மணி நேரம் ஆயிற்று. சுவரில் கை வைத்துப் பார்த்தேன். அசைவே இல்லை. மனசு கொஞ்சம் லேசானது. செய்த பாவத்தைக் கழுவிவிட்டதாக நினைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

கூண்டக்கா இடத்துக்கு வந்த ஆள் பேசவே மாட்டார், முணுமுணுப்பது எங்கே. நாலு மாதம் கழித்து அத்தான் புதிய எலிகளை வைத்து அளந்தார். சிவப்பு அட்டைக்கும் பச்சை அட்டைக்கும் ஒரே அளவு. சர்க்கரை இறங்கிவிட்டது. தாய்கள் குட்டிகளைத் தின்னவில்லை. கூடு எல்லா மூலையிலும் இருந்தது. அத்தான் மேஜையை ஓங்கிக் குத்தினார்.

"பாத்தியா மாப்ளே! அந்தம்மா போனாங்க, எலி நிம்மதியாச்சு. இதுக்கு மேல என்ன நிரூபணம் வேணும்?"

என்ன நிரூபணம் வேண்டும்? நான் வாயைத் திறந்தேன். அக்கா டீயைக் கொண்டு வந்து கையில் கொடுத்தாள். குடித்தேன்.

பராமரிப்பாளரின் குரல் நோயை எப்படி உண்டாக்குகிறது என்று புதிய கட்டுரை வந்தது. முந்தியதைவிடப் பெரிய அரங்கம், முந்தியதைவிடப் பெரிய கைத்தட்டல். பழைய மரபணுக் கட்டுரை என்ன ஆயிற்று என்று ஒருவரும் கேட்கவில்லை. எலி அறைக் கதவில் இப்போது ஒரு பலகை தொங்குகிறது: உள்ளே முணுமுணுக்கக் கூடாது. அந்தப் பலகைக்கு ஆணி அடித்தவன் நான்.

சென்ற மாதம் பேருந்து நிறுத்தத்தில் கூண்டக்காவைப் பார்த்தேன். ஒரு சலவைக் கடையில் துணி பிரிக்கிறாராம். எட்டு மணி நேரமும் நின்றுகொண்டே வேலை. கால் வீங்கியிருந்தது. கணவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். அப்படியேதான் என்றார். பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, "புது ரப்பர் போட்டுட்டீங்களாமே தம்பி, வாட்ச்மேன் சொன்னாரு. சுவரு நடுங்குறது நின்னுருச்சாம்" என்றார்.

"ஆமாங்க்கா."

"எப்பப் போட்டீங்க?"

"நீங்க போன அடுத்த வாரம்."

"ம்."

"முன்னாடியே போட்டிருப்பேங்க்கா. படிவம் எழுதணும், மூணு பேர் கையெழுத்து வாங்கணும், உங்களுக்குத் தெரியாததா? அன்னிக்கு நிலைமை அப்படி."

"அந்த மூணு கையெழுத்து எனக்கப்புறம் ஒரே வாரத்துல எப்படிக் கிடைச்சுது தம்பி?"

கையெழுத்தே வாங்கவில்லை. ரப்பர்க் கட்டைகள் வருஷக்கணக்காக எங்கள் கிடங்கிலேயே கிடந்தன. குனிந்து எடுத்திருந்தால் போதும். இதை அவரிடம் எப்படிச் சொல்வது? அவருடைய பேருந்து வந்துவிட்டது. ஏறுவதற்குக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

ஐயா, அம்மா, இவ்வளவு நேரம் அத்தானைப் பார்த்துச் சிரித்தீர்கள். சரி, அவர் அதற்கென்றே பிறந்தவர். கொஞ்ச நேரமாக என்னைப் பார்த்து முகம் சுளிக்கிறீர்கள், அதுவும் தெரிகிறது. அந்த ஏணிமேல் நான் நின்றிருந்தால் உண்மையைப் பட்டென்று சொல்லியிருப்பேன் என்று உங்கள் மனத்துக்குள் ஒரு குரல் கேட்டிருக்குமே? எதனால் சொல்லியிருப்பீர்கள்? எங்கள் அப்பா அப்படிப்பட்ட மனிதர், எங்கள் வீட்டில் யாருக்கும் பொய் வராது, அது எங்கள் உடம்பிலேயே கிடையாது என்றுதானே? நல்லது, மிக நல்லது. ஒன்றே ஒன்று கேட்டுவிட்டுப் போகிறேன். கடைசியாக உங்கள் கண்ணெதிரே யாரோ ஒருவர்மேல் வீண்பழி விழுந்தபோது நீங்கள் என்ன சொன்னீர்கள்?

ஒன்றும் சொல்லவில்லையா? சரி, சரி. விளக்க வேண்டாம். அன்றைக்கு நிலைமை அப்படி இருந்திருக்கும்.